எந்தக் காது என்று கேட்டார்கள்

மூன்று மாதம் முயற்சி செய்து கடைசியில் அந்த ஹோட்டல் உணவகத்தில் ஒரு மேஜை கிடைத்தது. இரண்டு பேருக்கு, மாலை ஆறே முக்காலுக்கு. போய்விட்டு வந்து ஒரு வாரம் ஆகிறது, இன்னும் அக்கா அதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறாள், நானும்தான். என்ன சாப்பிட்டோம் என்பதைவிட என்ன பேசினோம் என்பதுதான் இரண்டு பேருக்கும் நன்றாக நினைவிருக்கிறது. அது ஏன் என்று எழுதி வைக்கத் தோன்றியது.

அக்காவுக்குச் சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலில் வலது காது அடியோடு போய்விட்டது, இடது காதும் குறைந்துவிட்டது. இடது காதில் பன்னிரண்டு வருடமாக மெஷின் வைத்திருக்கிறாள். வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்து பேசினால் எந்தச் சிரமமும் இல்லை. வெளியே சாப்பிடப் போனால்தான் கஷ்டம். மெஷின் பேச்சோடு மற்றச் சத்தத்தையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும். பக்கத்து மேஜைச் சிரிப்பு, தட்டு மோதுகிற சத்தம், நாற்காலியை இழுக்கிற சத்தம், தலைக்கு மேலே ஓடுகிற பாட்டு, எல்லாவற்றுக்கும் நடுவில் என் குரலை அவள் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். பாதியைக் காதால் பிடித்து, மீதியை என் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். அரை மணி நேரம் அப்படிக் கேட்டாலே களைத்துவிடுவாள்.

இரண்டு வருடம் முன்பு அவள் பிறந்தநாளுக்கு வேறொரு இடத்துக்குக் கூட்டிப் போயிருந்தேன். ரொம்பப் பேர்போன இடம், அதுவும் சுலபத்தில் கிடைக்காததுதான். சிமெண்ட் தரை, சிமெண்ட் சுவர், உயரமான கூரை, திறந்த சமையலறை, துணி விரிக்காத மர மேஜைகள். புகைப்படத்தில் அவ்வளவு அழகாக இருந்தது. உட்கார்ந்த பத்தாவது நிமிடம் அக்கா எல்லாவற்றுக்கும் சிரித்துத் தலையாட்ட ஆரம்பித்துவிட்டாள். அவள் அப்படிச் சிரித்தால் ஒன்றுமே கேட்கவில்லை என்று அர்த்தம், எனக்குத் தெரியும். போனில் சத்தம் அளக்கிற ஆப்பைத் திறந்து பார்த்தேன், 84 டெசிபல். சாதாரணமாக இரண்டு பேர் எதிரெதிரே பேசுகிற குரல் 60 பக்கம் இருக்கும். முக்கிய உணவு வந்தபோது மெஷினைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டாள். அப்புறம் அந்தச் சாப்பாடு முழுவதும் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டு சாப்பிட்டு முடித்தோம். வீட்டுக்கு வந்து நான் அழுதேன்.

இதில் தனியாக ஒருவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. சத்தம் தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும். சுற்றிலும் இரைச்சல் இருந்தால் மனிதர்கள் தங்களுக்கே தெரியாமல் குரலை உயர்த்திப் பேசுவார்கள் என்று பிரான்ஸ் நாட்டுக் காது மூக்கு தொண்டை மருத்துவர் எத்தியென் லொம்பார் 1911-லேயே எழுதிவிட்டார், இன்றும் அதற்கு அவர் பெயர்தான். ஒரு மேஜை குரலை உயர்த்தும், அடுத்த மேஜை அதைவிட உயர்த்தும், மூன்றாவது மேஜையில் கையைத் தட்டிக் கூப்பிடுவார்கள். அந்தச் சத்தத்தை விழுங்க அறையில் மெத்தென்று ஏதாவது இருந்தால் இவ்வளவு தூரம் போகாது. சிமெண்டும் கண்ணாடியும் எதையும் விழுங்காது, அப்படியே திருப்பி அனுப்பிவிடும்.

அந்த நாளுக்குப் பிறகு நான் உணவகத்தைத் தேர்ந்தெடுக்கும் விதமே மாறிவிட்டது. மெனுவைப் பார்க்கும் முன் தரையைப் பார்ப்பேன். கம்பளம் இருக்கிறதா, திரை தொங்குகிறதா, மேஜையில் துணி இருக்கிறதா, நாற்காலிக்கு மெத்தை இருக்கிறதா? இதையெல்லாம் தேடினால் பெரும்பாலும் ஏதாவது ஒரு ஹோட்டலுக்குள் இருக்கும் உணவகத்தில்தான் போய் நிற்போம். தனியாக நடத்துகிறவர்களில் பலர் மேஜைத் துணியைக் கைவிட்டுவிட்டார்கள், தினமும் துவைத்து இஸ்திரி போடுகிற செலவு தாங்காது. பெரிய ஹோட்டல்கள் பலவற்றில் அறைகளின் படுக்கை விரிப்புகளுக்காகவே சொந்தச் சலவைக்கூடம் இருக்கும், மேஜைத் துணியும் அதோடு சேர்ந்து போய்விடும்.

பாஸ்டன் பக்கத்தில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1895-ல் ஒரு புது விரிவுரை அறையில் பேச்சே புரியவில்லை என்று புகார் வந்தபோது, வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் அதைச் சரிசெய்யச் சொன்னார்கள். அவர் பக்கத்து அரங்கத்திலிருந்து இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து கொஞ்சம் கொஞ்சமாக அறைக்குள் அடுக்கி, ஒரு ஆர்கன் குழாயை ஊதி, சத்தம் அடங்க எத்தனை நொடி ஆகிறது என்று இரவு இரவாக அளந்தார். மெத்தை கூடக் கூட எதிரொலி குறைந்தது. அறைகளின் ஒலியைக் கணக்குப் போடும் அறிவியல் அந்த மெத்தைகளிலிருந்துதான் தொடங்கியது. நல்ல மெத்தை போட்ட நாற்காலியில் உட்காரும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வரும்.

சரி, இந்த உணவகத்துக்கு வருகிறேன். பதினெட்டே மேஜைகள். அதில் சிலவற்றை ஹோட்டலில் தங்குகிறவர்களுக்கு என்று ஒதுக்கிவிடுவார்கள். மீதி மேஜைகள் முப்பது நாள் முன்னதாக, காலை பத்து மணிக்குத் திறக்கும். பத்து மணி ஒரு நிமிடத்துக்கு எல்லாம் போயிருக்கும். நான் அலாரம் வைத்து ஒன்பது ஐம்பத்தெட்டிலிருந்து போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன், ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பதினோரு தடவை. தேதியைத் தொட்டு நேரத்தைத் தொடுவதற்குள் அந்த இடம் மங்கிப்போய்விடும். மனிதர்கள் மட்டும் போட்டி போட்டால் இவ்வளவு வேகம் இருக்காது. சில ஊர்களில் கம்ப்யூட்டர் புரோகிராம் வைத்து மேஜைகளை அள்ளிக்கொண்டு விலைக்கு விற்கிறார்கள். நியூயார்க் மாநிலம் இதற்கென்றே 2024 டிசம்பரில் ஒரு சட்டம் கொண்டுவந்தது, உணவகத்தோடு எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் இல்லாமல் மூன்றாம் ஆள் யாரும் அதன் ரிசர்வேஷனை விற்கக் கூடாது என்று. எல்லா இடத்திலும் இது வரவேண்டும். விற்காமல் போன ரிசர்வேஷன் என்றால் அந்த மேஜை இரவு முழுவதும் காலியாகக் கிடக்கும், உணவகத்துக்கும் நஷ்டம், வெளியே காத்திருக்கிறவருக்கும் ஏமாற்றம்.

எனக்குக் கடைசியில் கிடைத்தது கேன்சல் ஆன ஒரு மேஜை. இதை மட்டும் யாருக்காவது உபயோகப்படும் என்று சொல்லிவிடுகிறேன். புக் பண்ணும்போது கார்டு விவரம் வாங்கிக்கொள்வார்கள், இத்தனை மணி நேரத்துக்கு முன் கேன்சல் செய்தால் பணம் பிடிக்கமாட்டோம் என்று ஒரு கெடு இருக்கும். இங்கே அது 48 மணி நேரம். ஆகவே வர முடியாது என்று ஏற்கெனவே தெரிந்தவர்கள்கூட அந்தக் கெடு நெருங்கும்போதுதான் விடுவார்கள். முப்பது நாள் முன்னால் காலை பத்து மணிக்கு முட்டி மோதுவதைவிட, இரண்டு நாள் முன்னால் மாலையில் பார்ப்பது மேல். வெயிட்டிங் லிஸ்டிலும் பெயர் போட்டு வைத்திருந்தேன், ஆனால் அதிலிருந்து தகவல் வரும் முன் நானே பார்த்துவிட்டேன். ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், வியாழக்கிழமைக்கு ஒரு இடம் பளிச்சென்று தெரிந்தது. கை நடுங்கியது.

அதில் “ஏதாவது குறிப்பு உண்டா” என்று ஒரு சின்னப் பெட்டி வரும். பெரும்பாலானவர்கள் அதில் பிறந்தநாள் என்றோ அலர்ஜி என்றோ போடுவார்கள். நான் எழுதினேன்: “என் அக்காவுக்குக் காது சரியாகக் கேட்காது. ஓரமான, சத்தம் குறைந்த மேஜை கிடைத்தால் பெரிய உதவி.” எழுதிவிட்டு மறந்துவிட்டேன். வேறு எத்தனையோ இடத்தில் இதையே எழுதியிருக்கிறேன், போய் நின்றால் யாரும் படித்திருக்கமாட்டார்கள்.

மறுநாள் மதியம் போன் வந்தது. உணவகத்திலிருந்து ஒரு பெண். பெயரையும் நேரத்தையும் உறுதி செய்துகொண்டார். அப்புறம் கேட்டார், “அக்காவுக்கு எந்தக் காது நன்றாகக் கேட்கும் மேடம்?”

ஒரு நொடி எனக்குப் பேச்சே வரவில்லை. இத்தனை வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. இடது காது என்றேன். அடுத்து, உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். “அப்படியென்றால் ஜன்னல் மேஜை வேண்டாம். ஜன்னலுக்கு முதுகு காட்டி நீங்கள் உட்கார்ந்தால் உங்கள் முகம் இருட்டாகத் தெரியும். மூலையில் ஒன்று இருக்கிறது, அதைப் போடுகிறேன்.” அவ்வளவுதான், ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்த ஜன்னல் மேஜைகளுக்குத்தான் எல்லாரும் அடித்துக்கொள்கிறார்கள், ஊரே தெரியும் உயரத்தில் இருக்கிற ஜன்னல். எனக்கு அந்த மூலை போதும்.

உள்ளே போனதும் முதலில் காதில் விழுந்தது எங்கள் காலடிச் சத்தம் இல்லாததுதான். லிஃப்ட் வரைக்கும் பளிங்குத் தரை, டொக் டொக் என்று அக்காவின் செருப்பு கேட்டுக்கொண்டே வந்தது. உணவகத்தின் வாசலைத் தாண்டியதும் கம்பளம், சட்டென்று நின்றுவிட்டது. கரும்பச்சைச் சுவர், தங்க நிற ஓரம், ஒவ்வொரு மேஜையிலும் ஒரு சின்ன விளக்கு. ஸ்டைல் என்றால் ஸ்டைல்தான், கண்ணை எடுக்க முடியவில்லை. மேஜைகளுக்கு நடுவே இரண்டு பேர் தாராளமாக நடந்து போகிற இடைவெளி. அப்படி இடைவெளி விட்டதால்தான் பதினெட்டு மேஜை, அதனால்தான் கிடைப்பதும் கஷ்டம். நெருக்கிப் போட்டிருந்தால் இருபத்தாறு போடலாம், எனக்கும் மூன்று மாதம் முன்பே கிடைத்திருக்கும், அக்கா மறுபடியும் மெஷினைக் கழற்றியிருப்பாள்.

எங்கள் மேஜையில் அவளுக்கு இடது பக்கம் சுவர், வலது பக்கமும் முதுகுப்பக்கமும் கூடம். அதாவது சத்தமெல்லாம் கேட்காத காதின் பக்கம். அவளுடைய மெஷின் முன்னால் இருப்பவர் குரலை அதிகமாகவும் பின்னால் வரும் சத்தத்தைக் குறைத்தும் வாங்கும், அதனால் கூடத்துக்கு முதுகு காட்டி உட்காருவதுதான் அவளுக்கு நல்லது. ஆனால் அப்படி உட்கார்ந்தால் இந்த அழகான கூடத்தை அவள் பார்க்கவே முடியாதே என்று எனக்கு உறுத்தலாக இருந்தது. உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன், என் தலைக்குப் பின்னால் சுவர் முழுக்கக் கண்ணாடி. பழைய காலத்து ரகம், ஓரமெல்லாம் கொஞ்சம் கறுத்தது. அவள் என்னையும் பார்க்கலாம், கூடத்தையும் பார்க்கலாம். “இதுதான்டி நல்ல இடம்” என்றாள்.

மேஜைத் துணியின் நுனியை விரலால் தூக்கிப் பார்த்தேன், ஆசை யாரை விட்டது. அடியில் கம்பளி மாதிரித் தடிமனான ஒரு துணி, மேஜையின் ஓரம் வரை இழுத்துக் கட்டியிருந்தது. நான் படித்துத் தெரிந்துகொண்டதை முதல் தடவையாகத் தொட்டுப் பார்த்தேன். தட்டை வைத்தாலும் கரண்டியைப் போட்டாலும் சத்தம் வராமல் இருப்பதற்குத்தான் அது. அக்காவிடம் ஒரு முள்கரண்டியைக் கீழே வைத்துக் காட்டினேன். மெத்தென்று விழுந்தது. மெஷின் போடுகிறவர்களுக்கு உலோகம் மரத்தில் மோதுகிற சத்தம் ஊசி குத்துகிற மாதிரி. அவளும் ஒரு கரண்டியை எடுத்து இரண்டு மூன்று தடவை வைத்து வைத்துப் பார்த்தாள், சின்னப் பிள்ளை மாதிரி.

பரிமாறியவர் முப்பது வயது இருக்கும் ஒரு இளைஞர். என் தோள் பக்கம் வந்து நின்று, அக்காவின் முகத்தைப் பார்த்துப் பேசினார். கத்தவில்லை, வாயைக் கோணி மெதுவாக இழுத்தும் பேசவில்லை, சாதாரணமாகப் பேசினார். இது எவ்வளவு பெரிய விஷயம் என்று காது கேட்காதவர்களோடு வெளியே போனவர்களுக்குத் தெரியும். வழக்கமாக என்னிடம்தான் கேட்பார்கள், “அவங்களுக்கு என்ன வேணும்?” என்று. அன்றைக்கு மட்டும் கிடைக்கிற உணவுகள் என்னென்ன என்பதை வாயால் ஒப்பிக்காமல் ஒரு சின்ன அட்டையில் கையால் எழுதிக் கொண்டுவந்திருந்தார். தட்டை அவள் வலது பக்கமாகத்தான் வைக்க முடியும், இடது பக்கம் சுவர் இருக்கிறதே. கேட்காத வலது பக்கத்திலிருந்து திடீரென்று ஒரு கை நீண்டால் அக்கா துள்ளிவிடுவாள். அவர் ஒவ்வொரு தடவையும் கண்ணாடியில் தெரிகிற மாதிரி அரை அடி தள்ளி நின்று, அவள் கண்ணாடியில் அவரைப் பார்த்த பிறகே தட்டை வைத்தார்.

நடுவில் ஒரு தடவை மேஜை விளக்கை என் பக்கமாக ஒரு சாண் நகர்த்திவிட்டுப் போனார். ஒன்றும் சொல்லவில்லை. என் முகத்தில் வெளிச்சம் விழுந்தது, அக்கா அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

அந்த விளக்குக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. பாரிஸில் 1898-ல் சேசர் ரிட்ஸ் தன் பெயரில் ஹோட்டல் திறப்பதற்கு முன், எந்த நிற விளக்கு மூடியில் முகம் அழகாகத் தெரியும் என்று பார்க்க, தன் மனைவி மாரியை மணிக்கணக்கில் உட்காரவைத்துச் சோதித்தார், கடைசியில் ஆப்ரிகாட் பழத்தின் இளஞ்சிவப்பைத் தேர்ந்தெடுத்தார். அதற்கு முன் லண்டனில் சவாய் ஹோட்டலை நடத்தியபோதும் அவருக்கு அதே அக்கறைதான், பெண்களும் பொது இடத்தில் தயங்காமல் வந்து சாப்பிட வேண்டும் என்று பாடுபட்டவர். சமையலறையை அவரோடு சேர்ந்து பார்த்துக்கொண்டவர் ஓகுஸ்த் எஸ்கோஃபியே. முகம் அழகாகத் தெரிவதற்காக ஆரம்பித்த ஏற்பாடு, என் அக்காவுக்கு என் உதடு தெரிவதற்கு உதவுகிறது. ரிட்ஸ் இதை நினைத்திருக்கமாட்டார், ஆனாலும் மேஜை விளக்கை உணவகத்தில் நான் பார்க்கிற பார்வை இனி வேறுதான்.

சாப்பாடு? நன்றாக இருந்தது. ரொட்டி சூடாக வந்தது, வெண்ணெய் கொஞ்சம் உப்புக் கரித்தது. சூப் பிரமாதம், அதைப் பற்றி மட்டும் தனியாக எழுதலாம். மீன் எனக்குக் கொஞ்சம் அதிகமாக வெந்தது போலப் பட்டது, அக்காவுக்குப் பிடித்திருந்தது. இனிப்புக்கு முன்னால் இருபத்தைந்து நிமிடம் காக்கவைத்துவிட்டார்கள், அதைச் சொல்லத்தான் வேண்டும். இரண்டு மணி நேரத்தில் மேஜையை விடவேண்டும் என்று முன்பே எழுதியிருந்ததால் எனக்குப் பதற்றமாகிவிட்டது. ஆனால் யாரும் வந்து அவசரப்படுத்தவில்லை. எட்டு மணி சுமாருக்குக் கூடம் நிறைந்து, மேலே பாட்டைக் கொஞ்சம் கூட்டினார்கள். நான் கையைத் தூக்குவதற்குள் அந்த இளைஞர் அதே கண்ணாடியில் அக்காவின் நெற்றி சுருங்குவதைப் பார்த்துவிட்டார் போல. எங்கள் தலைக்கு மேலே இருந்த ஸ்பீக்கர் மட்டும் நின்றது. போனை எடுத்துப் பார்த்தேன், கூடம் நிறைந்திருந்தபோதும் 64. அந்தப் பிறந்தநாள் இடத்தைவிட இருபது குறைவு. டெசிபல் கணக்கில் இருபது குறைவு என்றால் ஒலியின் ஆற்றல் நூறில் ஒரு பங்கு.

இனிப்புக்கு பீச் மெல்பா இருந்தது. நெல்லி மெல்பா என்ற ஆஸ்திரேலிய ஆபெரா பாடகிக்காக எஸ்கோஃபியே சவாயில் செய்தது, வனிலா ஐஸ்கிரீமும் பீச் பழமும். இனிப்பு கொஞ்சம் தூக்கல், ஆனால் அக்கா வழித்துச் சாப்பிட்டாள்.

அதற்குள் அவள் பேச ஆரம்பித்திருந்தாள். காய்ச்சல் வந்த அந்த வாரத்தைப் பற்றி. இத்தனை வருடத்தில் என்னிடம் சொன்னதே இல்லை. ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது அம்மா வாயை அசைத்துக்கொண்டிருந்தாளாம், சத்தம் வரவில்லையாம், அம்மா தன்னோடு விளையாடுகிறாள் என்று நினைத்துத் தானும் வாயை மட்டும் அசைத்துக் காட்டினாளாம். அம்மா அழுததைப் பார்த்தபிறகுதான் ஏதோ தப்பு என்று தெரிந்ததாம். இதைச் சொல்லும்போது அக்கா மெதுவாகத்தான் பேசினாள். வெளியே போனால் அவள் தன் குரல் எவ்வளவு என்று தெரியாமல் எப்போதும் உரக்கப் பேசுவாள், பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அன்றைக்கு ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான்தான் ஒரு கட்டத்தில் உணர்ச்சிவசப்பட்டு எதையோ சத்தமாகச் சொல்லிவிட்டேன். “ஏன்டி கத்துற, எனக்கு நல்லாக் கேட்குது” என்றாள்.

நாங்கள் எழுந்தபோது மணி ஒன்பதே கால். டாக்ஸியில் ஏறியதும் மெஷினைக் கழற்றுவது அவள் வழக்கம், அன்று வீடு வரைக்கும் போட்டுக்கொண்டே வந்தாள், வழியெல்லாம் பேச்சு.

நேற்று அடுத்த மாதத்துக்கு ஒரு நாள் கேட்டுப் பார்க்கலாம் என்று உணவகத்துக்கு நேராகவே போன் செய்தேன், அக்கா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். என் பெயரைச் சொன்னதும் மறுமுனையில் வேறொரு குரல், புதிய ஆள், திரையைப் பார்த்துப் படிக்கிற மாதிரிச் சொன்னார், “இடது காது, மூலை மேஜை, விளக்கு எதிரில் இருப்பவர் பக்கம், மேலே இருக்கிற ஸ்பீக்கர் வேண்டாம். இதே மாதிரி வைக்கட்டுமா மேடம்?” தேதி இன்னும் கிடைக்கவில்லை, கேன்சல் ஆனால் கூப்பிடுகிறேன் என்றார். நான் அக்காவிடம் அப்படியே திருப்பிச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள், “கண்ணாடி இருக்கிற மேஜைதானேன்னு கேளு.”